ஓடாமல் கயத்தாறு போன கார்

அத்தியாயம் 9

“சார், இந்தக் காருக்கு மீசை முளைச்சிருக்கு.”

இந்துமதி குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரைத் தடவிக்கொண்டிருந்தாள். கயத்தாறு காவல் நிலையத்தின் பின்புறம். பிடித்துவைத்த மணல் வண்டிகளுக்கும் துருவேறிய மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவில் அந்தக் கார் மட்டும் கல்யாண வீட்டுக்குக் கிளம்பி வழி தவறியது போல நின்றது. ரத்தச் சிவப்பு. இரண்டே இருக்கை. மடக்கக்கூடிய கூரை. 1958-ல் இங்கிலாந்தில் செய்து, கப்பலில் வந்து தூத்துக்குடியில் இறங்கிய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்.

“மீசையை அப்புறம் முறுக்கலாம். அந்த டயரை விட்டு நகராதே,” என்றார் செந்தூர்வேல்.

இருபத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் சரக்கு சர்வேயராக இருந்தவர் அவர். நனைந்த மூட்டை கப்பலில் நனைந்ததா, இறக்கி அடுக்கிய கிட்டங்கியில் யாரோ குழாயைத் திறந்து நனைத்ததா என்று முகர்ந்தே சொல்வார். வேலையை விட்டபின் பீச் ரோட்டில் ஒரு மாடி அறையில் துப்பறியும் அலுவலகம் திறந்தார். இந்துமதி அங்கே உதவியாளர், தட்டச்சர், ஸ்கூட்டர் டிரைவர். வாய் தனி.

மூன்று நாளுக்கு முன் அந்த அறைக்கு வந்த ஷீஜா நாற்காலியில் உட்காரவே இல்லை. நின்றுகொண்டே சொன்னாள். அவள் கணவர் மனுவேல் பழைய கார்களைப் புதுப்பிக்கும் மெக்கானிக். இந்த எம்.ஜி.யைத் தினமும் ஓட்டுகிற வண்டியாக மாற்றித் தருவதாக அதன் சொந்தக்காரரான உப்பு மில் முதலாளி அருமைநாயகத்திடம் ஒப்புக்கொண்டு எட்டு மாதம் உழைத்தார். பிறகு ஒரு நாள் மனுவேலையும் காணோம், காரையும் காணோம். மறுநாள் காலை கயத்தாறுக்குப் பக்கத்தில் சாலையோரம் கார் கிடைத்தது, வயரிங் கருகி. மனுவேல் கிடைக்கவில்லை. காரைத் திருடிக்கொண்டு ஓடியவர், வழியில் அது கருகிப்போகவே மதுரை பஸ் ஏறிவிட்டார் என்று போலீஸ் எழுதிக்கொண்டது.

“திருடனாவே இருக்கட்டும் சார்,” என்றாள் ஷீஜா. “வேற பொம்பள கூடப் போயிருந்தாலும் சரி. அவிய எங்கயோ உயிரோட இருக்காவன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. எனக்கு அது போதும்.”

ஆள் காணாமல் போய் இன்றோடு பதினோரு நாள்.

ஏட்டு ராஜபாண்டி டீ கிளாஸுடன் வந்தார். “என்ன சார், வண்டி ஏதாவது பேசுதா?”

“பேசுது. இந்துமதி, அந்த மீசையை ஏட்டையாவுக்குக் காட்டு.”

புது டயரில் ஊசி ஊசியாக ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். தரையில் படுகிற நடுப்பட்டையிலும் இருக்கும். கொஞ்ச தூரம் ஓடினாலே அவை தேய்ந்துவிடும். இங்கே நடுப்பட்டை முழுக்க முடி அப்படியே நின்றது. மனுவேல் காணாமல் போன அன்று காலையில்தான் இந்த டயர்களை மாட்டினார் என்று ஷீஜா சொல்லியிருந்தாள்.

“நம்ம ஸ்கூட்டருக்குப் புது டயர் போட்டப்ப, புதியம்புத்தூர் போய்த் திரும்புறதுக்குள்ள மொட்டையாயிட்டு,” என்றாள் இந்துமதி. “இது தூத்துக்குடியில இருந்து அறுபது கிலோமீட்டர் ஓடி வந்திருக்கு. ஒரு முடி உதிரல. என்ன எண்ணெய் தேய்க்குன்னு கேளுங்க சார், எனக்கும் வேணும்.”

டயரின் பள்ளத்திலிருந்து வெள்ளையாக ஒரு கல்லைக் கிள்ளி எடுத்து நாக்கில் வைத்தாள்.

“ஏம்மா, அது கேஸ் சொத்து!” என்று பதறினார் ஏட்டு.

“ஒரே ஒரு உப்புக் கல்லுதான் சார். கோர்ட்டுல கேட்டா ரசத்துல விழுந்துட்டுன்னு சொல்லிருங்க.”

செந்தூர்வேல் அதற்குள் இருக்கைகளுக்குப் பின்னால் இருந்த மூடியைத் திறந்திருந்தார். உள்ளே பாட்டரி. பாட்டரியின் இரு முனைகளில் பிளஸ் சற்றுத் தடிமன், மைனஸ் சற்று மெலிவு. வயர்களின் வளையங்களும் அதற்கேற்ற அளவில்தான் இருக்கும். இங்கே சிறிய வளையத்தைத் தடித்த முனையின் மேல் வைத்து எதனாலோ அடித்து இறக்கியிருந்தார்கள். ஈயம் சிதைந்து பளபளத்தது. பெரிய வளையம் மெலிந்த முனையில் லொடலொடத்தது.

“வயரை மாத்தி மாட்டியிருக்கு,” என்றார்.

“அவசரத்துல மாட்டியிருப்பான்,” என்றார் ஏட்டு.

“எந்த அவசரத்திலேயும் மனுவேல் இதைச் செய்ய மாட்டார். அந்தக் காலத்து இங்கிலீஷ் கார்ல பிளஸ் வயர்தான் பாடியில சேரும். இப்போ உள்ள வண்டிகள்ல மைனஸ். புது ஆல்டர்னேட்டரும் எலக்ட்ரானிக் இக்னிஷனும் வைக்கணும்னா பழைய முறை ஆகாது. அதனால மனுவேலே இதை மைனஸுக்கு மாத்திட்டார். மாத்தினவரே மறந்துபோய்ப் பழைய மாதிரி மாட்டுவாரா?”

“மாட்டினா என்ன ஆகும்?”

“மாட்டினதுமே வயரிங் கருக ஆரம்பிக்கும். ஸ்டார்ட்டர் மட்டும் ஒரு தரம் சுத்தும். அப்புறம் தள்ளினாத்தான் நகரும்.”

இந்துமதி எழுந்தாள். “அப்ப கருகினது இங்கன இல்ல. தூத்துக்குடியிலேயே கருகிட்டு. கருகின வண்டி, மீசை கலையாம லாரியில ஏறி வந்திருக்கு. உப்பு லாரி! சார், அப்ப மனுவேல் அண்ணன் திருடவே இல்ல. ஷீஜாக்காவுக்கு எவ்வளவு பெரிய நல்ல செய்தி!”

செந்தூர்வேல் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரமணிகள் கோத்த ஜெபமாலை ஒன்று அதில் தொங்கியது. கையிலிருந்த கிரீஸ் ஏறி மணிகள் கறுத்திருந்தன.

“அது வண்டி கிடைச்சப்பவே தொங்குச்சு,” என்றார் ஏட்டு. “மறுநாள் அந்தம்மா வந்து பார்த்துச்சு. புருஷன் சாமான்தானே, எடுத்துக்கம்மான்னு இன்ஸ்பெக்டரே சொன்னாரு. தொடல. பார்த்துக்கிட்டே நின்னுட்டுப் போயிட்டு.”

“அழுதாங்களா?”

ஏட்டு யோசித்தார். “இல்ல சார். இப்ப நீங்க கேட்டப்புறம்தான் நினைவுக்கு வருது. அழவே இல்ல.”

* * *

திரும்பும் வழியில் ஒட்டப்பிடாரம் வரை இந்துமதி வாயை மூடவில்லை. இந்த ஸ்கூட்டரையும் லாரியில் ஏற்றிவிட்டால் டயர் மிச்சம் என்றாள். பின்னால் உட்கார்ந்து வருகிற பாரத்துக்குத் தனியாக டிக்கெட் போடலாம் என்றாள். செந்தூர்வேல் சிரிக்கவில்லை.

“சிரிச்சா சுளுக்கிக்காது சார். மனுவேல் அண்ணன் திருடல, ஓடிப்போகல…”

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. ஸ்கூட்டர் மெதுவாகி, சாலையோரத்து உடைமர நிழலில் நின்றது.

“ஓடிப்போகலன்னா, அவரு எங்க சார்?”

“அதைத்தான் கயத்தாறுல இருந்து யோசிச்சிட்டு வாரேன். வண்டியை எடு.”

* * *

மனுவேலின் பட்டறை, அருமைநாயகத்தின் உப்பு அரவை மில்லுக்கு ஒட்டினாற்போல ஒரு தகரக் கொட்டகை. மில் ஓடிக்கொண்டிருந்தது. தகரம் அதிர்ந்தது. பக்கத்தில் நிற்பவரின் காதில் வாயை வைத்துக் கத்தினால்தான் பாதி கேட்கும். மில்லைத் தாண்டி உப்பளம். வரிசையாக உப்பு அம்பாரங்கள், மழைக்குப் பயந்து ஓலை வேய்ந்து. வெயிலில் ஓலைகள் எல்லாம் காய்ந்து கறுத்திருந்தன.

இந்துமதி ஏதோ கத்தினாள்.

“என்ன?” என்றார் செந்தூர்வேல்.

அவள் நெருங்கி வந்து மறுபடி கத்தினாள். “நாலாவது அம்பாரத்துக்கு மட்டும் முதலாளி புதுச் சட்டை எடுத்துக் கொடுத்திருக்காருன்னேன்!”

நான்காவது அம்பாரத்தின் மேல் ஓலை இன்னும் பச்சை மாறாமல் இருந்தது. செந்தூர்வேல் ஒரு நிமிடம் அதையே பார்த்தார். பிறகு பட்டறைக்குள் போனார்.

சுவர் முழுக்க மனுவேலின் சாக்கட்டி எழுத்து. டிஸ்க் பிரேக் முடிந்தது. ரேடியேட்டருக்கு மின்விசிறி முடிந்தது. சீட் பெல்ட் முடிந்தது. ஹேண்ட் பிரேக் கேபிள் வரவில்லை, அதுவரை முதல் கியரில் நிறுத்தவும். நெகட்டிவ் பாடிக்கு மாற்றியாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில்: அடியில் போகும் முன் பாட்டரியைக் கழற்று.

“என் வண்டி எப்ப வரும் தம்பி?”

வாசலில் அருமைநாயகம். அறுபது தாண்டியவர். வெள்ளைச் சட்டையில் உப்புத் தூசி. பதினோரு நாளில் முகச்சவரம் இரண்டு முறைதான் நடந்திருக்கும் போல இருந்தது.

“கோர்ட்டுல மனுப் போட்டா வந்துரும் அண்ணாச்சி,” என்று கத்தினார் செந்தூர்வேல். “அப்பா காலத்து வண்டின்னு சொன்னாங்க.”

அந்த முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. “அப்பா என்னை மடியில உக்காரவச்சு ஓட்டப் பழக்கின வண்டி! அவரு போனபிறகு இருபது வருஷம் சும்மா கிடந்துட்டு. தினமும் காலையில இதுலதான் துறைமுகத்துக்குப் போகணும்னு ஆசைப்பட்டேன். கேக்கும்போதெல்லாம் இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம்பான்.”

“கருகின வயரிங்கைச் சரிபண்ண ஒரு ஆளைப் பேசியிருக்கேன். பாட்டரி மாட்டத் தெரியாம முழிக்கான். எந்த வயரை எங்க மாட்டணும் அண்ணாச்சி?”

“பிளஸ்ஸ பாடிக்கு!” யோசிக்கவே இல்லை. சாப்பிடும் கை எது என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார். “இந்தக் காலத்துப் பயலுவளுக்கு அது தெரியாது. மாத்தி மாட்டிருவானுவ. அப்பா எனக்கு மொதல்ல சொல்லிக் கொடுத்ததே அதுதான்.”

செந்தூர்வேல் அவருக்குப் பின்னால் இருந்த சுவரைக் கை காட்டினார்.

அருமைநாயகம் திரும்பினார். நெகட்டிவ் பாடிக்கு என்ற வரியைப் படித்தார். அப்போது மணி ஒன்று. சாப்பாட்டுக்காக மில்லை நிறுத்தினார்கள். தகரத்தின் அதிர்வு நின்றது. இத்தனை நேரம் கத்திக்கொண்டிருந்த இடத்தில் ஒரு காகம் நடக்கிற சத்தம் கூரையில் கேட்டது.

“எட்டு மாசமா மனுவேல் அந்தச் சுவத்துலதான் எழுதிட்டு வந்தார் அண்ணாச்சி,” என்றார் செந்தூர்வேல், சாதாரணக் குரலில். “நீங்க ஒரு நாளும் படிக்கல.”

“அவன் எழுதுறதையெல்லாம் யாரு படிச்சா…”

“அந்த வண்டிக்கு இன்னமும் பிளஸ் பாடிக்குத்தான்னு நினைக்கிற ஆளு இந்த ஊர்ல ஒருத்தர்தான். பாட்டரியை மாட்டினது நீங்க. கருகினதும் உங்க லாரியில ஏத்திட்டுப் போனதும் நீங்க. புது டயரு ஒரு தப்படி ஓடல.”

அருமைநாயகம் அங்கே கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்தார். பதினோரு நாளாக யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தவர் போல இருந்தது.

“நான் கூப்பிட்டேன் தம்பி. ரெண்டு தடவ கூப்பிட்டேன். மில்லு ஓடிட்டு இருந்துச்சு. டீ குடிக்கப் போயிருக்கான்னு நினைச்சேன். டயரு மின்னுச்சு. சரி, ஒரே ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாப்போம்னு பாட்டரியை மாட்டினேன். வண்டி சுவத்தைப் பாத்து நின்னுச்சு. முன்னால ஜாக்கி போட்டிருந்தது பின்னால இருந்து தெரியல. கியர்ல கிடந்ததும் தெரியாது. ஏறி உக்காந்து ஸ்டார்ட்டர் பொத்தானை இழுத்தேன். ஒரே துள்ளு. துள்ளி, ஜாக்கியை விட்டு எறங்கிட்டு.”

இந்துமதி கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“எறங்கினப்பதான் அடியில ஆள் கிடந்தது தெரிஞ்சுது.”

“ஸ்டீயரிங்ல ஜெபமாலை தொங்கிச்சே, அதை ஏன் அப்படியே விட்டீங்க?”

“பாத்தேன். புது டயர் மாட்டினதுக்கு மந்திரிச்சுத் தொங்கவிட்டிருக்கான்னு நினைச்சேன். நாம எலுமிச்சம்பழம் கட்டுவோம்லா, அது மாதிரி. அவங்க சாமி காரியம், கை வைக்கக் கூடாதுன்னு கடைசி வரைக்கும் தொடல.”

செந்தூர்வேல் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குமுன் இந்துமதியைப் பார்த்தார். வெளியே போகச் சொல்லலாமா என்று யோசித்திருப்பார். அவள் நகரவில்லை.

“இழுத்து வெளியே போட்டப்ப மூச்சு இருந்துச்சா அண்ணாச்சி?”

அருமைநாயகம் உள்ளங்கையில் ஒட்டியிருந்த உப்பைத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“பெரிய ஆஸ்பத்திரி இங்கிருந்து கால்மணி நேரம்,” என்றார் செந்தூர்வேல்.

“போலீஸு கேக்கும், பேப்பர்ல வரும்னு யோசிச்சேன் தம்பி. வக்கீலைக் கேக்கலாமா, டாக்டரைக் கேக்கலாமான்னு… யோசிச்சு முடிக்கும்போது…”

“எவ்வளவு நேரம் யோசிச்சீங்க?”

“மில்லை நிறுத்துற வரைக்கும்.”

நான்காவது அம்பாரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவரே அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தார். போதுமாயிருந்தது.

செந்தூர்வேல் தூத்துக்குடி போலீஸுக்கும் கயத்தாறு ஏட்டுக்கும் போன் செய்தார். போலீஸ் ஜீப் வந்து அருமைநாயகத்தை ஏற்றிக்கொண்டது. ஜீப்பில் ஏறும் முன்பே அவர் தன் வக்கீலிடம் பேசி முடித்திருந்தார். விபத்து என்றுதான் வழக்குப் போகும் என்று வந்த எஸ்.ஐ.யே சொன்னார். உப்பைக் கலைத்து உடலை எடுக்கத் தாசில்தார் வர வேண்டும். நாளைக்குத்தான்.

* * *

ஷீஜாவின் வீடு திரேஸ்புரத்தில். அவர்கள் போனபோது மூன்று மணி. கதவு திறந்திருந்தது. அவள் அடுப்பருகே நின்றாள். குக்கரில் சோறு.

இருவர் முகத்தையும் ஒரு முறை பார்த்தாள்.

“உக்காருங்க சார். ரெண்டு விசில் வரட்டும். அப்புறம் சொல்லுங்க.”

உட்கார்ந்தார்கள். வழக்கமாக இந்த மாதிரி இடைவெளியை இந்துமதி ஏதாவது சொல்லி நிரப்புவாள். இன்று குக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் விசில் வந்தது. இரண்டாவது வர நேரமாயிற்று. வந்தது. ஷீஜா அடுப்பை அணைத்தாள். மூடியைத் திறக்கவில்லை.

செந்தூர்வேல் சொன்னார். திருடவில்லை என்பதில் தொடங்கினார். அந்த வார்த்தைக்கு அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சுவரில் எழுதியிருந்தது, பாட்டரி, மில் சத்தம், ஜாக்கி. நான்காவது அம்பாரம். சர்வே ரிப்போர்ட் வாசிப்பது போல எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். வேறு மாதிரி சொல்ல அவருக்குத் தெரியாது.

“உடனேயா சார்?” என்று கேட்டாள் ஷீஜா.

“உடனேதான்மா. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.”

இந்துமதி தலையைக் குனிந்துகொண்டாள். ஆறு வருஷத்தில், நம்பி வந்தவர்களிடம் அவர் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை.

செந்தூர்வேல் கேட்டார். “ஒரே ஒரு விஷயம் எனக்குப் பிடிபடலைம்மா. கயத்தாறுல அந்த ஜெபமாலையை எடுத்துக்கச் சொன்னாங்க. நீங்க தொடலை. ஏன்?”

“வண்டிக்கு அடியில போறதுக்கு முன்னால அவிய கழுத்துல இருந்து கழத்தி ஸ்டீயரிங்ல மாட்டுவாவ. அடியில ஆள் இருக்குன்னு அடையாளம். அது தொங்கினா எந்த மெக்கானிக்கும் வண்டியைத் தொட மாட்டான். வெளிய வந்ததும் அவியளே எடுத்துக் கழுத்துல போட்டுக்கிடுவாவ. வேற யாரும் எடுக்கக் கூடாது.”

செந்தூர்வேல் நிமிர்ந்தார்.

“அப்ப கயத்தாறுல அதைப் பார்த்த அன்னைக்கே…”

“தெரியும் சார்.” ஷீஜா குக்கரைத் துணியால் பிடித்துக் கீழே இறக்கினாள். “மாட்டியிருக்கு, எடுக்கல. அப்படின்னா அடியில போனவிய வெளிய வரல. அன்னைக்கே தெரியும்.”

“தெரிஞ்சே எங்ககிட்ட வந்தீங்களா அக்கா?” என்றாள் இந்துமதி.

“போலீஸ்ல திருடன்னு சொன்னாவ. ஓடிட்டாருன்னு சொன்னாவ. ஊரே சொல்லிச்சு. இத்தன பேரு சொல்லும்போது, எனக்குத் தெரிஞ்சது தப்பா இருக்கக் கூடாதா? நீங்க பெரிய துப்பறியிற ஆளுன்னு சொன்னாவ. நீங்களும் வந்து, ஆமா, திருடன்தான், மதுரையில இருக்கான்னு சொல்லிருவியன்னு பாத்தேன்.”

குக்கரின் ஆவி அடங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

செந்தூர்வேல் எழுந்தார். வாசல் வரை போனவரை ஷீஜா கூப்பிட்டாள்.

“நாளைக்கு அம்பாரத்தைப் பிரிச்ச பிறகு நான் கயத்தாறு போவேன். அந்த ஏட்டுக்கு ஒரு போன் பண்ணிருங்க சார்.”

“என்ன சொல்லணும்மா?”

“முன்பக்கம் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி வைக்கச் சொல்லுங்க. தூக்கினதுக்கு அப்புறம்தான் நான் அந்த மாலையை எடுக்கணும்.”